வலிக்கு மருந்து எங்கே?

நீலகிரி ரயில் ஏறுகிற மேட்டுப்பாளையம் அல்ல, எங்கள் புதுச்சேரி மேட்டுப்பாளையம். இங்கே தொழிற்பேட்டைச் சத்தம் ஓய்ந்தால் லாரிகளின் ஹாரன் தொடங்கிவிடும். 2025 மழைக்காலத்தில் அதையும் மீறி, அடுத்த வீட்டுச் சொல்தாவின் முனகல் என் ஜன்னலுக்கு வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரை நாங்கள் சொல்தா என்போம். அவருக்குப் புற்றுநோய், எலும்புவரை பரவிவிட்டது.

ஒரு நாள் கூப்பிட்டனுப்பினார். “தம்பி, மே மாசம் பாரீஸ் சபையில் 305 பேர் ஓட்டுப் போட்டாங்களே! தீராத நோயாளி கேட்டால் டாக்டரே சாவுக்கு மருந்து எழுதித் தரலாமாம். நான் பிரெஞ்சுப் பிரஜை. எனக்கு ஏன் கிடையாது?”

நம் சட்டத்தில் தற்கொலைக்கு உடந்தையானால் பத்து வருஷம்வரை சிறை. சுப்ரீம் கோர்ட் 2011-ல் அருணா ஷான்பாக் வழக்கிலும், பிறகு 2018-லும் ஒப்புக்கொண்டது பயனற்ற சிகிச்சையை நிறுத்துவதை மட்டுந்தான். இதையெல்லாம் அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

அந்த மசோதா நமக்கும் வேண்டும் என்கிற நண்பர்கள் எனக்குண்டு. நெஞ்சில் ஈரமுள்ளவர்கள்தான். இருந்தாலும் அவர்களோடு எனக்குச் சண்டை. ‘உயிர் அவனுடையது, முடிவும் அவனுடையது’ என்கிறார்கள். சரி ஐயா, ஒரு வாசலை அடைத்துவிட்டு மற்றதைக் காட்டி ‘உன் இஷ்டம்’ என்றால் அதற்குப் பெயர் சுதந்திரமா?

சர்க்கார் லைசென்ஸோடு அபினி விளைகிற தேசம் இது. அதிலிருந்து வருகிற மார்ஃபீன் மாத்திரை விலை மலிவு. ஆனால் 1985-ல் வந்த போதைப் பொருள் சட்டம், அதை வாங்கி வைக்க ஆஸ்பத்திரிகளை லைசென்ஸ் லைசென்ஸாக அலைய வைத்தது. கடத்தல்காரன் பயந்தானோ இல்லையோ, டாக்டர் பயந்தார். 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், பயம் திருந்தவில்லை. கேரளம் விதிவிலக்கு. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரணப் பணி, வீட்டுத் திண்ணைவரை போயிற்று.

சொல்தாவுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் தந்திருந்தது சாதாரண வலி மாத்திரை. எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் மார்ஃபீனுக்கு வழி செய்தார். பத்து நாள் கழித்துப் போனேன். மீன் குழம்பில் புளி போதவில்லை என்று மருமகளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். பாரீஸ் விஷயத்தை நானே எடுத்தேன். “அது அப்போ, தம்பி” என்றார்.

மார்ஃபீனுக்கும் அடங்காத வலி உண்டு. அந்த நோயாளியின் முன்னால் என் வாதம் நொண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் விருதுநகர்ப் பக்கத்துத் தலைக்கூத்தலை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் கிழவிக்கு எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த நீர் ஊற்றி, இளநீர் புகட்டி அனுப்பிவிடுவார்கள். அதற்கும் கருணை என்றுதான் பெயர். கேட்டால் அவளே ‘சரி’ என்பாள். மகனுடைய கடன் எவ்வளவென்று அவளுக்குத் தெரியாதா? அந்தச் ‘சரி’யை எந்த மாஜிஸ்திரேட் எந்தத் தராசில் நிறுப்பார்?

அதே 2025 மே 27-ம் தேதி, அதே பாரீஸ் சபையில், வலி நிவாரணச் சிகிச்சையை விரிவாக்கும் மசோதாவும் ஓட்டுக்கு வந்தது. எதிர்த்து ஒரு ஓட்டும் விழவில்லை. நண்பர்கள் 305-ஐ மட்டும் கத்தரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்!

மார்கழிக் கடைசியில் சொல்தா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். மிச்ச மாத்திரைகளை மருமகள் எண்ணித் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்திட்டாள். அந்த மாசத்து மார்ஃபீன் ரிஜிஸ்தரில் மாமனார் பேர் ஒன்றுதான் இருந்தது என்று வந்து சொன்னாள்.