விண்ணப்பமும் ஒரு வாக்குறுதியே



நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்காமல் ஆற்றல் பெறும் வழிகளைத் தேடி இளம் ஆராய்ச்சியாளர் பலர் இன்று உழைக்கின்றனர். நம் குடும்பங்களிலும் அத்தகைய பிள்ளைகள் உண்டு. அவர்தம் எண்ணம் செயலாவதற்குப் பணம் வேண்டும். அதனைப் பன்னாட்டு நிதியிலிருந்து பெறுவது எங்ஙனம்?

சான்றாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஹொரைசன் யூரோப்' திட்டத்தைக் காண்போம். 2021 முதல் 2027 வரையிலான இத்திட்டத்தில், குறைந்தது 35 விழுக்காடு நிதி காலநிலை நோக்கங்களுக்கென வகுக்கப்பட்டுள்ளது. கூட்டாய்வு எனில், ஒன்றியத்தையோ அதனோடு இணைந்த நாடுகளையோ சார்ந்த மூன்று வெவ்வேறு நாட்டு நிறுவனங்களாவது பொதுவாகச் சேர்ந்திருத்தல் வேண்டும். இந்திய நிறுவனமும் அவற்றோடு சேரலாம். ஆயினும் அதன் செலவுக்கான பணம் தானாகவே கிடைத்துவிடாது. 2025இல், கழிவிலிருந்து ஹைட்ரஜன் பெறும் ஆராய்ச்சிக்கு ஒன்றியமும் இந்திய அரசும் இணைந்து நிதி தர முன்வந்தன. எனவே, யார் செலவை யார் ஏற்பர் என்பதை அறிவிப்பில் முதற்கண் ஆராய்ந்தறிக.

விண்ணப்பத்தை வல்லுநர்கள் மூன்று கோணங்களில் மதிப்பிடுவர்: ஆய்வின் சிறப்பு, அதனால் விளையும் பயன், நிறைவேற்றும் திறன். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். வழக்கமாக, ஒவ்வொன்றிலும் 3, மொத்தத்தில் 10 பெற்றாலே தேர்ச்சி. தேர்ச்சி பெற்றோர் அனைவர்க்கும் நிதி கிட்டுவதுமில்லை. பணம் உள்ளவரை தரவரிசைப்படியே வழங்குவர்.

இங்கேதான் சோதனை எழுகிறது. போட்டி மிகுந்த இடத்தில், செய்ய இயலாததையும் செய்வதாக எழுதிவிட மனம் தூண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை எரிந்த விளக்கை, ஊரெல்லாம் ஒளிதரும் விளக்கென எழுதலாகாது. நிதி கிடைத்தபின் அவ்வெழுத்தே ஒப்பந்தத்தின் பகுதியாகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் கேட்பர். அப்பணமோ பொதுமக்கள் செலுத்திய வரி. புகையடுப்பின் முன் கண்கலங்கும் தாய்மார், மின்சாரமின்றி இருளில் வாடும் சிற்றூரார் ஆகியோரின் நம்பிக்கையும் அதில் அடங்கியுள்ளதன்றோ? தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தவறக்கூடியதைத் தவறக்கூடும் என்றும் எழுதி, தவறினால் மாற்றுவழி யாதெனக் காட்டுவதே முறை. வல்லுநர்களும் அதனையே விரும்புவர்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பல மாத உழைப்பு ஒரே மறுப்புக் கடிதத்தில் முடிந்ததெனப் பிள்ளை சோர்ந்திருக்கையில், "உனக்கேன் இந்த வேலை?" எனக் கேளாதீர். மறுப்போடு மதிப்பீட்டாளரின் குறிப்புகளும் வரும். அவற்றைப் பொறுமையுடன் படித்து, திருத்தி, மீண்டும் எழுதச் சொல்லுங்கள். சரியான சொல்லை ஏற்கும் பணிவும் சோராத ஊக்கமும் இல்லத்திலேயே கற்பிக்கப்படுவன. அவற்றை அவர்களுக்கு ஊட்டுவது நம் கடமை.