பனியனுக்கு ஒரு நியாயம், டயருக்கு ஒரு நியாயமா?

பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. காலையில போனா ராத்திரி வரைக்கும் கையில இஞ்ச் டேப்தான். மார்பளவு சார்ட்ல இருக்கிறதைவிட ஒரு செ.மீ. கூடிப்போனா "இது ஆகாதுங்க"ன்னு பீஸை ஓரங்கட்டுற ஆளு நான். அப்பேர்ப்பட்ட நான் சொந்தக் காருக்கு டயர் வாங்கும்போது டேப்பைத் தொடவே இல்லைங்க. கண்ணால பார்த்தேன், 'சும்மா கும்முன்னு இருக்கே'ன்னு வாங்கிட்டேன்.

வண்டி 2014 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. கம்பெனி கொடுத்த டயர் 165/80 R14. நம்மூரு மாப்ளைங்க எல்லாம் அகலமா போட்டுக்கிட்டு அவினாசி ரோட்டுல பறக்குறதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துடுச்சு. 15 இஞ்ச் அலாய் வீல், அதுல 205/65 டயர். "உரசாதுங்களா?"ன்னு கடைக்காரர்கிட்ட கேட்டேன். "அட, எத்தனை வண்டிக்கு மாட்டியிருக்கோம், போங்ணா"ன்னார். கடை வாசல்ல நிக்கிற காலி வண்டியில விரலை விட்டுப் பார்த்தேன். இடைவெளி இருந்துச்சு. முடிஞ்சது சோலி.

ரெண்டு மாசம் ஒண்ணும் இல்லை. ஏன்னா ஆபீசுக்குப் போறது நான் ஒருத்தன்தானே. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அம்மா, வீட்டுக்காரம்மா, பசங்க ரெண்டு பேரு, டிக்கி நிறைய மூட்டை முடிச்சோட பழனிக்குக் கிளம்பினோம். பல்லடம் தாண்டினதும் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் பின்னாடி 'சர்ர்ர்'னு ஒரு சத்தம். பாட்டு சத்தத்தைக் கூட்டி வச்சுட்டு ஓட்டினேன் (புத்திசாலி!). குடிமங்கலம் தாண்டி ரப்பர் கருகுற வாசம் வந்த பிறகுதான் நிறுத்தினேன். பின் டயர் ரெண்டுலயும் வெளித்தோள் சுத்தி வர கத்தியால சீவின மாதிரி இருந்துச்சு. ஒரு இடத்துல உள்ள இருக்கிற நூலே தெரிஞ்சுது. நூலைப் பார்த்தா சந்தோஷப்படுற ஊரு நம்மளுது, ஆனா அந்த நூலைப் பார்த்து வயித்தைக் கலக்கிடுச்சு. பக்கத்து பஞ்சர் கடைத் தம்பி பார்த்துட்டு, "ஏனுங்ணா, இதையா வச்சு குடும்பத்தைக் கூட்டிட்டு வந்தீங்க?"ன்னான். பதில் சொல்ல முடியலை.

வீட்டுக்கு வந்துதான் கணக்கு போட்டேன். 165/80 R14ன்னா அகலம் 165 மி.மீ. பக்கச்சுவர் உயரம் அதுல 80 சதவீதம், அதாவது 132. மேலயும் கீழயும் சேர்த்து 264. ரிம் 14 இஞ்ச், 355.6 மி.மீ. மொத்த விட்டம் கிட்டத்தட்ட 620. அதே கணக்கை 205/65 R15க்குப் போட்டா 647.5 வருது. நாலரை சதவீதம் பெருசு. விட்டத்துல 28 மி.மீ. கூடினா மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல 14 மி.மீ. போச்சு. அகலத்துல 40 கூடினது உள்பக்கம் 20, வெளிப்பக்கம் 20. இதுக்கு மேல அலாய் வீலோட ஆஃப்செட்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, வீல்ல ஈடின்னு போட்டு ஒரு நம்பர். பழைய வீலைவிட இதுல 7 கம்மி. அப்படின்னா வீலே 7 மி.மீ. வெளிய தள்ளி நிக்குது. ஆக, வெளிப்பக்கம் மட்டும் 27 மி.மீ. துருத்திக்கிட்டு இருந்திருக்கு. ஒரு செ.மீ.க்கு பீஸை ரிஜெக்ட் பண்றவன் கதை இது.

மறுபடி கடைக்குப் போனேன். உடனே வைத்தியம் சொல்றாங்க. மட்கார்டு உள்மடிப்பை வெட்டிடலாமாம். இல்லேன்னா ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் சொருகிடலாமாம். எனக்குக் கோவமே வந்துடுச்சு. பனியன் பத்தலைன்னா ஆளோட நெஞ்சையா செதுக்குவாங்க? அந்த மடிப்புலதான் ரெண்டு தகடு சேருது. அங்க பெயிண்ட் போச்சுன்னா அடுத்த மழைக்கு துரு. ரப்பர் சொருகினா உரசல் குறையலாம், ஆனா குழியில இறங்கும்போது அம்மாவோட முதுகுல இறங்கும். ஸ்பேசர் போடலாம்னு இன்னொருத்தர். அது வீலை இன்னும் வெளியதான் தள்ளும், ஏற்கனவே வெளியதான் உரசுதுங்க!

அகல டயர் வேணாம்னு நான் சொல்லலை. கம்பெனிக்காரங்க மைலேஜுக்காக ஒல்லி டயர் மாட்டி விடுறாங்கங்கிறது உண்மைதான், அகலமானதுல பிடிமானம் நல்லாவே தெரியுது. ஆனா எந்த அளவுன்னு பழனிச்சாமி மாட்டினான், முருகேசு மாட்டினான்னு முடிவு பண்ணாதீங்க. அதே வண்டியோட டாப் மாடலுக்கு கம்பெனி என்ன அளவு கொடுத்திருக்குன்னு பாருங்க. என் வண்டிக்கு இசட்எக்ஸ்ஐல 185/65 R15. விட்டம் 621.5, பழசுக்கும் இதுக்கும் 2 மி.மீ.தான் வித்தியாசம். அதே மட்கார்டுக்குள்ள அது சுத்தும்னு பார்த்துதானே கொடுத்திருப்பாங்க. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவும் சொல்லுது, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிடுச்சு. சும்மா பயமுறுத்தலை, இன்சூரன்ஸ்காரர் வந்து நிக்கும்போது ஞாபகம் வரட்டும்னுதான்.

நட்டம் நட்டம்தான். அதே அலாய்லயே 185/65 மாட்டிக்கிட்டேன். இந்தத் தடவை கட்டிங் டேபிள்ல இருந்து மார்க்கிங் சாக்கட்டி ஒண்ணை எடுத்துட்டுப் போய் மட்கார்டு மடிப்புல உள்பக்கமா நல்லா தேய்ச்சேன். அஞ்சு பேரை ஏத்தி, டிக்கியில ரெண்டு அட்டைப்பெட்டி வச்சு, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்தி இறக்கிப் பார்த்தேன். டயர்ல ஒரு துளி வெள்ளை இல்லை. அப்புறம்தான் கடைக்காரருக்கு பாக்கிக் காசைக் கொடுத்தேன்.

போன மாசம் பழனிக்கு மறுபடி போனோம். ஒரு சத்தமும் இல்லை. ஆனா ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர் வரும்போதும் பின் சீட்டுல இருந்து அம்மா, "ஏங்கண்ணு, உரசுதா?"ன்னு கேட்டுக்கிட்டேதான் வந்தாங்க.