மொட்டை மாடி மீட்டிங்: 0.43 விநாடி!

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி எழுதினதுக்கு, மெஸ் அண்ணன் ரெண்டு நாளா எனக்கு மட்டும் முருங்கைக்காய் போடலை. அதனால இந்த வாரம் கேம்பஸை விட்டு ரொம்ப தூரம் ஓடிட்டேன். எங்கேன்னு கேளுங்க... அமெரிக்கா, விஸ்கான்சின் மாநிலம்! விசா, டிக்கெட் எதுவும் வேணாம். மதுரையில பெரியப்பா வீட்டு மொட்டை மாடி போதும்.

பெரியப்பா பையன், அதாவது எங்க அண்ணன், பொங்கல் லீவுக்கு வந்திருந்தார். மில்வாக்கி பக்கத்துல ஒரு கம்பெனியில டிசைன் இன்ஜினீயர். நாலு வருஷம் கழிச்சு வந்த பிள்ளை. ஆனா பெரியம்மா அவர்கூட நேரா ஒரு வார்த்தை பேசலை. "அவனுக்கு இன்னொரு தோசை வேணுமானு கேளு பாப்பா!" எல்லாமே என் மூலமாத்தான். நடுவுல நான் மனித வாட்ஸ்அப்!

காரணம், போன நவம்பர்ல அண்ணன் ஃபேமிலி குரூப்ல கை தவறி அனுப்பின போட்டோ. கையில வில், பக்கத்துல ஒரு பெட்டை மான், உயிர் இல்லாம. டெலீட் பண்றதுக்குள்ள பெரியம்மா பார்த்துட்டாங்க. இத்தனைக்கும் எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை மட்டன் இல்லாம சோறு இறங்காது. அதைக் கேட்டா, "கடையில வாங்குறது வேற, காத்திருந்து அடிக்கிறது வேற"ங்கறாங்க. எனக்கும் பதில் சொல்லத் தெரியலை.

அதான் ராத்திரி மாடியில அண்ணனை மடக்கிட்டேன். "ஏண்ணே இப்படி?"

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நம்ம ஊர்ல மான் வேட்டை குற்றம். 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயில் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் கேம்பஸ்ல புள்ளிமான் குறுக்கே வந்தா சைக்கிளை நிறுத்தி வழி விடணும், அவ்வளவுதான். விஸ்கான்சின் கதை வேற. அங்கே இருக்கறது வெள்ளைவால் மான். 20-ம் நூற்றாண்டு தொடங்கறப்போ கண்மூடித்தனமான வேட்டையால அமெரிக்கா முழுக்க அழியற நிலைக்குப் போன இனம். சட்டம், சீசன், லைசென்ஸ்னு கட்டுப்பாடு வந்தபிறகு இப்போ கோடிக்கணக்குல இருக்கு. 1937-ல் வந்த ஒரு சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவிகித வரி. பிறகு வில், அம்புக்கும் வரி வந்துச்சு. அந்தக் காசு காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போகுது. தெற்கு விஸ்கான்சின் பண்ணைப் பகுதிகள்ல ஓநாய்க் கூட்டம் கிடையாது. மான் பெருகினா இளம் மரக்கன்னு எதுவும் மிஞ்சாது.

"இதெல்லாம் புள்ளிவிவரம் பாப்பா. அம்மா கேக்குறது அது இல்லை"ன்னார் அண்ணன். அப்புறம்தான் நிஜக் கதை ஆரம்பிச்சுது.

நாலு மாசம், நாலு காடு

வில் சீசன் செப்டம்பர் நடுவுல ஆரம்பிச்சு ஜனவரி வரை போகும். ஆனா அது ஒரே சீசன் இல்லையாம். செப்டம்பர்ல கொசுக்கடி, இலை அடர்த்தி, மான் வயலுக்கும் புதருக்கும் நேரம் தவறாம போயிட்டு வரும். அக்டோபர்ல ஓக் மரத்துக் கொட்டை விழ ஆரம்பிச்சதும் ரூட் மாறிடும். நவம்பர் நடுவுல இணை சேரும் பருவம் உச்சத்துக்கு வரும். இதைக் கிளப்பி விடுறது குளிர் இல்லை, பகல் நேரம் சுருங்குறது! அப்போ கொம்பு மான் சாப்பாடு தூக்கம் மறந்து பெட்டையைத் தேடி அலையும். நம்ம ஃபைனல் இயர் சீனியர்ஸ் மாதிரி!

நவம்பர் கடைசியில 9 நாள் துப்பாக்கி சீசன். 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கும். 5 லட்சம் பேருக்கு மேல லைசென்ஸ் எடுக்கற திருவிழா அது. அந்த நாட்கள்ல வில்காரங்களும் இடுப்புக்கு மேல பாதிக்குக் குறையாம பளிச் ஆரஞ்சு போடணும். 2016-லிருந்து பளிச் பிங்க்கும் ஓகே. "மான் பார்த்துடாதா?"ன்னேன். மானுக்கு நம்மள மாதிரி சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. ஆரஞ்சு அதுக்கு மங்கல். நீலம்தான் பளிச். அதனால நீல ஜீன்ஸ் போட்டுட்டுப் போறவன் காலி!

பையில என்ன இருக்கு?

அண்ணனோட வில், காம்பவுண்ட் வில். 1960-கள்ல ஹோலஸ் வில்பர் ஆலன்னு ஒரு அமெரிக்கர் கண்டுபிடிச்சு, 1969-ல் காப்புரிமை வாங்கினது. ரெண்டு முனையிலயும் மையம் தள்ளின சக்கரம். இழுக்க 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. ஆனா முழுசா இழுத்ததும் சக்கரம் திரும்பி, கையில தாங்க வேண்டிய பாரம் 12 பவுண்டா இறங்கிடும். கினிமேட்டிக்ஸ் புக்ல நான் தூங்கி வழிஞ்ச அதே 'கேம்'தான் மக்களே! அந்த இறக்கம் இருக்கறதாலதான், மான் திரும்பற வரைக்கும் கை நடுங்காம பொறுத்திருக்க முடியுது.

அப்புறம் தூரம் அளக்குற லேசர் கருவி, பைனாகுலர், பிளேடு மாதிரி கூரான அகல முனை அம்பு. உள்ளே கம்பளி ஆடை. பருத்தி கூடவே கூடாது, வேர்வையில நனைஞ்சா காயாம உடம்பைக் குளிர வெச்சிடும். ஆனா, "மொத்த லிஸ்ட்லயும் எதை விட்டாலும் இதை விடாதே"ன்னு அண்ணன் சொன்னது வில்லை இல்லை, பெல்ட்டை! மரத்துல 20 அடி உயரத்துல பரண். அங்கிருந்து விழுந்துதான் வேட்டைக்காரங்கள்ல நிறைய பேருக்கு அடி படுது. அதனால தரையிலிருந்து ஏறுறப்பவே உடம்பு முழுக்கக் கட்டுற பெல்ட்டை கயித்துல மாட்டிடணும்.

காத்து எந்தப் பக்கம் வீசுதோ அதுக்கேத்த பரண்லதான் ஏறணும். மான் கண்ணை ஏமாத்திடலாம், மூக்கை ஏமாத்த முடியாது. காலையில வெயில் ஏற ஏற தரைக்காத்து மேலே கிளம்பும், சாயங்காலம் குளிர்ந்து கீழே இறங்கும். நம்ம வாசனையும் அதோடயே போகும்.

எங்கே அடிக்கணும்?

இதைச் சொல்ல அண்ணன் மாடிச் சுவத்துல கரித்துண்டால ஒரு மான் வரைஞ்சார். பார்க்க ஆடு மாதிரி இருந்துச்சு, அது வேற விஷயம்!

"முன் சப்பைக்குப் பின்னால, உடம்போட உயரத்துல கீழிருந்து மூணுல ஒரு பங்கு. அங்கேதான் இதயமும் நுரையீரலும். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். மான் முழுப் பக்கவாட்டுல நிக்கணும். இல்லை, கொஞ்சம் நம்மை விட்டு விலகித் திரும்பி நிக்கணும். அப்போ அந்தப் பக்கத்து முன்னங்காலைக் குறி வெச்சு அடிக்கணும். அம்பு எங்கே நுழையுதுங்கறது முக்கியமில்லை பாப்பா, உள்ளே எதைக் கடந்து எங்கே வெளியே வருதுங்கறதுதான் முக்கியம். நேருக்கு நேர் பார்த்து நின்னா வில்லை இறக்கிடணும். நெஞ்செலும்பும் சப்பையும் மறைக்கும். தலைக்குக் குறி வைக்கவே கூடாது. சின்ன இலக்கு, ஆடிட்டே இருக்கும். தாடை மட்டும் உடைஞ்சா பட்டினியில சாகும்."

நுரையீரல் ரெண்டும் துளைபட்டா பெரும்பாலும் சில விநாடிகள்ல விழுந்துடுமாம். அதான் இந்தப் பாடத்தோட ஒரே நோக்கம். வலி நீளக் கூடாது.

"அண்ணே, உங்களுக்குத் தப்பியிருக்கா?"

ரொம்ப நேரம் பேசலை. கீழே டி.வி. சீரியல் சத்தம் மட்டும். அப்புறம் சொன்னார்.

மூணு வருஷத்துக்கு முன்னால, அக்டோபர். அண்ணனோட ரெண்டாவது சீசன். முதல் சீசன்ல ஒண்ணுமே கிடைக்கலை. அவருக்குத் தொழில் கத்துக்கொடுத்த பக்கத்து வீட்டுத் தாத்தா, "உனக்கு எல்லை 20 கஜம்"னு சொல்லி வெச்சிருந்தார். அன்னிக்குச் சாயங்காலம் பெரிய கொம்பு மான் ஒண்ணு வந்துச்சு. லேசர்ல 40 கஜம். பக்கவாட்டுலதான் இருந்துச்சு, ஆனா நடந்துட்டு இருந்துச்சு. அண்ணன் விட்டுட்டார்.

நான் மொபைல்ல கால்குலேட்டரைத் திறந்தேன். டைனமிக்ஸ் இன்டர்னல்ல 50-க்கு 19 வாங்கினவதான், ஆனாலும் இது வரும். 40 கஜம்னா 36.6 மீட்டர். அம்பு விநாடிக்கு 85 மீட்டர். போய்ச் சேர 0.43 விநாடி. மெதுவா விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்குற மான்கூட அதுக்குள்ள அரை மீட்டர் முன்னால போயிருக்கும். நுரையீரல் இருந்த இடத்துல இப்போ வயிறு.

நின்னுட்டு இருந்தாலும் சிக்கல்தான். வில் நாண் சத்தம் 0.11 விநாடியில மானுக்குக் கேட்டுடும். மிச்சம் 0.32 விநாடி. சுதாரிக்க 0.15 விநாடி போனாலும், பாய்றதுக்காக காலை மடக்கி உடம்பைத் தாழ்த்த 0.17 விநாடி இருக்கு. சும்மா புவியீர்ப்புல விழுந்தாலே 14 சென்டிமீட்டர்! அதே 20 கஜத்துல கணக்குப் போட்டா மிச்சம் கிட்டத்தட்ட பூஜ்யம். தாத்தா சும்மா சொல்லலை.

ஒப்பிட்டுப் பாருங்க. தாத்தாவோட ரைஃபிள் 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த .30-06 ரகம். 9.7 கிராம் குண்டு, கிளம்பறப்போ விநாடிக்குச் சுமார் 880 மீட்டர் வேகம். 100 கஜத்தை 0.11 விநாடியில தாண்டிடும், சத்தம் வர 0.28 விநாடி. வெடிச்சத்தம் மானுக்குக் கேக்கறதே இல்லை. அம்புக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் பக்கத்துலதான் வரணும், இல்லைன்னா விடக் கூடாது.

ரத்தம் சொல்லும் கதை

அடிச்சதும் இறங்கி ஓடக் கூடாதாம். முதல்ல அம்பைப் பார்க்கணும். நுரை கலந்த வெளிர் சிவப்பு ரத்தம்னா நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துப் போகலாம். கருஞ்சிவப்புன்னா ஈரல், மூணு நாலு மணி நேரம் காத்திருக்கணும். பச்சை கலந்து நாத்தம் அடிச்சா குடல். 8 மணியிலிருந்து 12 மணி நேரம் கிட்டவே போகக் கூடாது. விட்டா பக்கத்துலயே படுத்து அங்கேயே முடிஞ்சுடும். துரத்தினா எழுந்து ஓடும், அடையாளமே கிடைக்காது.

அம்புல பச்சை இருந்துச்சு. அண்ணனுக்கு விதி தெரியும். ஆனா மழை மேகம் கூடிட்டு இருந்துச்சு, மனசு கேக்கலை. இருபது நிமிஷத்துல பின்னாலயே போயிட்டார். 60 கஜம் தள்ளிப் படுத்திருந்த மான் எழுந்து அவரைப் பார்த்துட்டு ஓடிச்சு. ராத்திரி மழை. காலையில ஒரு துளி அடையாளம் இல்லை. ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு ரெண்டு நாள் சோள வயல், ஓடை, முள்ளுப்புதர்னு தேடியும் கிடைக்கலை.

"எங்கேயோ படுத்து, எவ்வளவு நேரம் கழிச்சு... தெரியலை பாப்பா. அந்த வருஷம் அப்புறம் வில்லைத் தொடலை."

விட்டுடலாம்னுதான் நினைச்சாராம். ஆனா தாத்தா, "விடுறதுன்னா விடு. தொடர்றதுன்னா முதல்ல கத்துக்கோ"ன்னுட்டார். ஒரு வருஷம் முழுக்க பரண்லேருந்து பொம்மை மான்ல பயிற்சி. அடுத்த சீசன்ல அம்பே விடலை. போன நவம்பர்ல அதைவிடப் பெரிய கொம்பு மான் 15 கஜத்துல வந்து நின்னுச்சு, நேருக்கு நேர் பார்த்துட்டு. ரெண்டு நிமிஷம் போல இழுத்த வில்லோட நின்னுட்டு, மெதுவா இறக்கிட்டார். அது போயிடுச்சு. நாலு நாள் கழிச்சு 18 கஜத்துல ஒரு பெட்டை, விலகித் திரும்பி, நின்ன நிலையில. 70 கஜம் ஓடி விழுந்துச்சு. எட்டு விநாடிகூட இருக்காது. அந்த போட்டோதான் குரூப்ல வந்தது. பாதிக் கறியை, அந்த மாநிலத்துல இருக்கற மான்கறி தானத் திட்டத்துக்குக் கொடுத்தாராம்.

"சந்தோஷமா இருந்துச்சாண்ணே?"

"இல்லைன்னு சொன்னா பொய். ஆனா முதல்ல உக்காந்து அழுதேன்."

திரும்பிப் பார்த்தா, மாடிப்படிக்கட்டுல பெரியம்மா. கையில ரெண்டு டம்ளர் பால். எப்போ வந்தாங்கனு தெரியலை. சீரியல் எப்பவோ முடிஞ்சிருந்தது.

"அந்தக் காணாமப்போனதை ரெண்டு நாளும் தேடினியா?" கேட்டது என்னை இல்லை, அண்ணனை.

"தேடினேன்மா."

பெரியம்மா கொஞ்ச நேரம் சுவத்துல இருந்த கரி மானைப் பார்த்தாங்க. "இதை நாளைக்கு அழிச்சுடு. சுண்ணாம்பு அடிச்சு மூணு மாசம்தான் ஆச்சு"ன்னாங்க. ரெண்டு படி இறங்கி நின்னு, "காலையில இட்லியா, தோசையா?"

சத்தியமா சொல்றேன் மக்களே, அதுவும் அண்ணனைத்தான் கேட்டாங்க. மனித வாட்ஸ்அப்புக்கு அன்னியோட வேலை போச்சு!

பெரியம்மா சம்மதிச்சுட்டாங்கனு நினைக்காதீங்க. மறுநாளும் "வேண்டாம்டா அந்தப் பழக்கம்"னுதான் சொன்னாங்க. நானும் வில் பிடிக்கப் போறதில்லை. ஆனா ஒண்ணு... அந்த 0.43 விநாடியை மட்டும் என் டைனமிக்ஸ் நோட்டுல முதல் பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன். அரியர் எக்ஸாமுக்கு உதவும்னு இல்லை. விடை தப்பானா வேற யாரோ வலி தாங்க வேண்டியிருக்கும்னு எனக்குப் புரிய வெச்ச முதல் கணக்கு அது.

அடுத்த வாரம் மறுபடி கேம்பஸ்தான். மெஸ் அண்ணே, முருங்கைக்காய் ப்ளீஸ்!