கிணற்றைக் காப்பவர் யார்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வானம் பொழிந்த நீரைச் சுண்ணாம்புக்கல் தன் வயிற்றிற் காத்து வைக்க, அதனைக் கிணறு வெட்டி இறைத்தே எம் முன்னோர் குடித்தனர், தோட்டஞ் செய்தனர். அந்நீர் கெட்டால் இம்மண்ணில் வாழ்வோர்க்கு வேறு கதி இல்லை. இதனைச் சிறு பிள்ளையும் அறியும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தால் நீரையும் நிலத்தையும் காக்கவென்றே அமைக்கப்பட்ட மத்திய சுற்றாடல் அதிகாரசபை அறியாதிருந்ததோ?

சுன்னாகத்தில் நடந்தது என்ன? அனல் மின்னுற்பத்தி நடந்த வளவிலிருந்து கழிவெண்ணெய் நிலத்துள் இறங்கியது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் அயலிலுள்ள 150 கிணறுகளைச் சோதித்தபோது, 109 கிணறுகளில் எண்ணெய் அனுமதித்த அளவை மிஞ்சி நின்றது. கிணறு நிறையத் தண்ணீர் இருக்க, எம் தாய்மார் பவுசர் வண்டியை எதிர்பார்த்துக் குடத்தோடு வீதியோரத்திற் காத்து நின்றனர்!

நீதி கேட்டு உயர்நீதிமன்றம் சென்றவர் யார்? மேடைதோறும் மண்ணின் பெருமை முழங்கிய எம் தலைவர்களா? அல்லர். தென்னிலங்கையைச் சேர்ந்த சுற்றாடல் ஆர்வலர் ஒருவரே வழக்கிட்டார். அவருக்கு எம் நன்றி, எமக்கு வெட்கம். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அதிகாரசபை தன் கடமையிற் தவறியது என மன்றம் கண்டது. மாசுபடுத்தியவரே பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறியின்படி, மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா செலுத்த வேண்டும் எனவும், கிணறு துப்புரவாக்கும் செலவுக்கு ஆளுக்கு 40,000 ரூபா வீதம் 500 பேருக்கு மேற்படாமல் வழங்கப்பட வேண்டும் எனவும் பணித்தது.

தீர்ப்பை வரவேற்கிறோம். ஆயினும் ஒன்று கேட்கிறோம்: நாற்பதினாயிரம் ரூபாவாற் கிணற்றைத் துப்புரவாக்கலாம், கிணற்றுக்கு நீரூட்டும் கல்லைத் துப்புரவாக்கலாமா? வெடிப்பும் துவாரமும் நிறைந்த அக்கல்லினூடே நீர் வேலி பார்த்து ஓடுவதில்லை. ஒருவர் வளவில் ஊற்றிய எண்ணெய் மற்றவர் குடத்தில் ஏறும். ஆதலால் கெட்டபின் செய்யும் துப்புரவு பாதி மருந்தே; கெடாமற் காப்பதே முழு மருந்து.

காவலன் உறங்கினாற் களவுக்குக் கள்வன் மட்டுமா பொறுப்பு? அனுமதிப் பத்திரம் எழுதிக் கொடுப்பதோடு அதிகாரசபையின் கடமை தீர்ந்துவிடாது. எண்ணெய் தேக்கும் ஒவ்வோரிடத்தைச் சுற்றியும் சோதனைக் கிணறுகள் வேண்டும். அங்கே கண்ட அளவுகள் தமிழில் எழுதப்பட்டுப் பிரதேச சபை வாசலில் ஒட்டப்பட வேண்டும். தொழில் தொடங்குவோர் துப்புரவுச் செலவுக்கான பிணைப்பணத்தை முன்னரே கட்ட வேண்டும்.

எம்மவர்க்கும் ஒரு சொல். அளவின்றிக் கொட்டும் உரமும், கிணற்றருகே வெட்டும் மலக்குழியும் இதே நீரையே கெடுக்கின்றன. பிறர் குற்றம் பேசும் நாவு தன் வளவையும் பார்க்கட்டும்.

தமிழ் மக்களே! வாக்குக் கேட்டு வருவோரிடம் மேடைப் பேச்சுக் கேளாதீர்கள். ஒரு செம்பு கிணற்றுநீரை நீட்டி, “இதனைக் காக்க என்ன செய்தாய்?” என்று கேளுங்கள்!