ஆசனப்பட்டியை அணிவோம், அடிபட்டவரைக் கைவிடோம்



பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று மலையிலிருந்து இறங்கி, வாவிக்கு அண்மையில் உள்ள நமது செங்கலடியில் முடிகிறது. 1977இலும் 1983இலும் வன்செயலுக்குத் தப்பி மலைநாட்டிலிருந்து கிழக்கே வந்த குடும்பங்களுக்கு இது வெறும் வீதி அல்ல. அண்ணன் அங்கே கொழுந்து எடுக்கிறார், தம்பி இங்கே தென்னந்தோட்டத்தில் உழைக்கிறார். கலியாணம் என்றாலும் கருமாதி என்றாலும் இந்த வீதியால்தான் போகிறோம், வருகிறோம்.

இதே வீதியில், றம்பொடைக்கு அண்மையில் உள்ள கரண்டியெல்லவில், 2025 மே 11ஆம் திகதி விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போய்க்கொண்டிருந்த இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் பள்ளத்தில் விழுந்தது. பஸ்ஸில் 70க்கும் மேற்பட்டோர் இருந்தனர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று அன்னையர் தினம். கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி ஒரு தாய் நசுங்கிய வண்டிக்குள் சிக்கிக் கிடந்தார். குழந்தை உயிரோடு மீட்கப்பட்டது. தாய் பிழைக்கவில்லை.

நான்கு மாதம் கூடக் கழியவில்லை. செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டனர். அவர்களும் நம்மைப்போல் சம்பளத்துக்கு உழைப்பவர்கள்தான்.

இரண்டு இடத்திலும் முதலில் பள்ளத்துக்குள் இறங்கியவர்கள் அயலில் இருந்தவர்களும் அவ்வழியே வந்தவர்களுமே. பொலிஸாரும் இராணுவத்தினரும் வந்து சேரும்வரை காயப்பட்டவர்களைத் தூக்கியது அந்தக் கைகள்தான்.

இந்த இரண்டு விபத்துகளும் நமக்கு இரண்டு பாடம் சொல்கின்றன. விபத்துக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று, பின் செய்ய வேண்டியது இன்னொன்று. இரண்டையும் தொழிற்சங்க வேலையாகவே எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த இதழில் நாம் சொல்ல விரும்புவது.

முதலில் ஆசனப்பட்டி.

தென்னந்தோட்டத் தோழர்களுக்கு இதை விளக்குவது இலகு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் எதிலாவது மோதி நின்றால், பட்டி போடாத உடலுக்கு அது ஏறக்குறைய 45 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நன்றாக வளர்ந்த ஒரு தென்னையின் வட்டுக்குள்ளிருந்து கீழே விழுவது போல. மரத்தில் ஏறுகிறவர் தளைநார் இல்லாமல் ஏறுவாரா? வேனில் ஏறும்போது மட்டும் ஏன் கட்டு வேண்டாம் என்கிறோம்?

இன்று வாகனங்களில் உள்ள, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டியை 1959இல் வொல்வோ கம்பனியின் பொறியியலாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். உயிர் காக்கும் பொருள் என்பதால் அந்த வடிவத்தை மற்றக் கம்பனிகளும் பயன்படுத்த அந்த நிறுவனம் வழிவிட்டது. ஆசனப்பட்டி அணிந்தால் உயிரிழக்கும் ஆபத்து 50 வீதம் வரை குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமது நாட்டில் 2011 முதல் சாரதியும் முன் ஆசனத்தில் இருப்பவரும் பட்டி அணிவது கட்டாயம். ஆனாலும் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோரை நமது வீதிகள் பலி எடுக்கின்றன.

நம்மவர்கள் சொல்லும் காரணங்களை நாமும் கேட்டிருக்கிறோம். "இந்தா இருக்கிற செங்கலடிக்குத்தானே?" என்பார்கள். விபத்து தூரம் பார்த்து வருவதில்லை. "சாரதி நம்ம ஆள், பட்டி போட்டால் அவரை நம்பவில்லை என்று நினைப்பார்" என்பார்கள். அவரை நம்பலாம், எதிரே வரும் லொறியை யார் ஓட்டுகிறார் என்று தெரியுமா? இரவில் வீதியில் படுத்துக்கிடக்கும் மாடு சாரதியின் திறமையைக் கேட்டா எழும்பும்?

வாவிக் கரையில் இன்னொரு பயமும் உண்டு. "வண்டி தண்ணீருக்குள் விழுந்தால் பட்டி நம்மைப் பிடித்து வைத்துவிடும்" என்பது அது. மண்முனையில் பாதை ஏறி வாவியைக் கடந்த காலம் 2014இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. இப்போது சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். ஆகவே இந்தப் பயத்துக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். பட்டி போட்டிருப்பவர் மோதலில் தலை அடிபடாமல் நினைவோடு இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். நினைவு இருந்தால் ஒரு பொத்தானை அமத்திக் கழற்றிக்கொண்டு வெளியே வரலாம். நினைவு தப்பியவர் பட்டி இல்லாவிட்டாலும் வெளியே வரமாட்டார்.

கர்ப்பிணித் தாய்மாரும் பட்டி அணியத்தான் வேண்டும். கீழ்ப்பட்டி வயிற்றுக்கு மேலே அல்ல, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு படிய வேண்டும். மேல்பட்டி மார்பின் நடுவால் போக வேண்டும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் இருப்பதை இன்றோடு நிறுத்துங்கள். மோதும் வேகத்தில் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேன் பேசும்போது, "பின் ஆசனத்துப் பட்டிகள் வேலை செய்கிறதா?" என்று கேட்டுப் பேசுங்கள். பல வேன்களில் அவை ஆசன உறைக்குள் புதைந்து கிடக்கின்றன. காசு கொடுப்பவர் கேட்டால் வெளியே வரும்.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே கதைதான். ஹெல்மட் பொலிஸாருக்காக அல்ல. பின்னால் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் அது வேண்டும். தாடைப் பட்டியைக் கொளுவாமல் தலையில் கவிழ்த்திருக்கும் ஹெல்மட், நாம் விழுவதற்கு முன்னமே விழுந்துவிடும்.

ஆனால் தோழர்களே, குற்றத்தை எல்லாம் தொழிலாளி தலையில் போட இந்தச் சங்கம் தயாரில்லை. ஆசனமே இல்லாதவருக்கு ஆசனப்பட்டி எங்கே? இன்றும் நமது ஆண்களும் பெண்களும் லொறித் தட்டிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் நின்றுகொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள். தேங்காயும் உரமும் ஏற்றும் பெட்டியில் மனிதரையும் ஏற்றுகிறார்கள். 2025இல் தூர இடத்து பஸ் சாரதிகளுக்கும், அதிவேக நெடுஞ்சாலையில் செல்லும் எல்லாப் பயணிகளுக்கும் பட்டி கட்டாயமாக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் அதிவேக நெடுஞ்சாலை கொத்மலைக்கும் இல்லை, கரடியனாற்றுக்கும் இல்லை. விபத்து நடக்கும் மலை வீதிக்கும் தொழிலாளி ஏறும் வண்டிக்கும் சட்டம் எப்போது வந்து சேரும்?

அதனால் தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இதுதான்: தொழிலாளரை ஏற்றும் வாகனத்தில் இருந்து போக ஆசனம் வேண்டும், ஆசனத்துக்குப் பட்டி வேண்டும், பாரமும் ஆளும் ஒரே பெட்டியில் போகக் கூடாது.

இன்னொன்றையும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருங்கள். 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. வேலைத்தலத்தில் நேரும் விபத்து மட்டுமன்றி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் இப்போது அதற்குள் அடங்கும். ஆகக்கூடிய நட்டஈடும் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. வழியில் அடிபட்டால், "அது வீதி விபத்து, தோட்டத்துக்குச் சம்பந்தமில்லை" என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் வைத்தியசாலை தந்த துண்டுகளையும் பத்திரப்படுத்தி, உடனே உங்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள்.

இனி, விபத்துக்குப் பின்.

வீதியில் ஒருவர் இரத்த வெள்ளத்தில் கிடக்கிறார். பத்துப் பேர் சுற்றி நிற்கிறார்கள். இரண்டு பேர் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். தூக்க ஒருவரும் இல்லை. கல்நெஞ்சம் இதற்குக் காரணம் இல்லை. பயம்தான் காரணம். பொலிஸ், கோடு, சாட்சி என்று இழுபட நேருமோ என்ற பயம். அன்றைய பேர் போய்விடுமோ என்ற பயம்.

பயத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காயப்பட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது குற்றமல்ல. பொலிஸார் வாக்குமூலம் கேட்கலாம். வாக்குமூலம் கொடுத்தவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். தமிழில் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. வேறு மொழியில் எழுதியதை வாசித்து விளக்கும்வரை கையொப்பமிட வேண்டாம். மாறாக, விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதி நிற்காமல் ஓடுவதுதான் குற்றம். நின்று, உதவி செய்து, பொலிஸாருக்கு அறிவிப்பது அவருடைய சட்டக் கடமை. அரசாங்க வைத்தியசாலையில் அவசர சிகிச்சைக்குக் கொண்டுவந்தவர் காசு கட்டத் தேவையில்லை.

அயலில் இந்தியாவில் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்கு வராதபடி பாதுகாப்புக் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கொண்டுவந்து சேர்ப்பவருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. நாம் பரிசு கேட்கவில்லை. உதவியவரை இழுத்தடிக்க முடியாது என்று இந்த நாட்டிலும் தெளிவாக எழுதிய சட்டம் வேண்டும் என்கிறோம். தோட்டத்திலும் ஒரு விதி வேண்டும்: வேலைக்கு வரும் வழியில் அடிபட்டவரைத் தூக்கிப் போன தொழிலாளிக்கு அன்றைக்கு முழுப்பேர் போட வேண்டும். அரைப்பேரும் இல்லை, வெட்டும் இல்லை. மனிதாபிமானத்துக்கு ஒரு நாள் சம்பளத்தை அபராதமாக விதிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

என்ன செய்வது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். இதை வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்:

முதலில் வரும் வாகனங்களை மறியுங்கள். வளைவுக்கு அப்பால் ஒருவரை நிறுத்துங்கள். உதவப் போனவர் அடிபடக் கூடாது.

1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது; இப்போது நாடு முழுவதும் உண்டு. காசு இல்லை. இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எந்தக் கட்டை, எந்தப் பாலம், எந்தக் கோயிலடி, எத்தனை பேர். பொலிஸாருக்கு 119.

கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரை முதலில் பாருங்கள்.

இரத்தம் ஓடும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஊறினால் எடுக்காமல் மேலே இன்னொரு துணியை வையுங்கள்.

நெருப்போ வேறு ஆபத்தோ இல்லாவிட்டால் இழுத்துத் தூக்காதீர்கள். கழுத்தும் முதுகும் முறிந்திருக்கலாம். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் பலர் சேர்ந்து, தலையும் உடலும் ஒரே நேராக இருக்கும்படி, பலகையில் வைத்துத் தூக்குங்கள். ஹெல்மட்டைப் பிடுங்காதீர்கள். தண்ணீர், சோடா எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள். சத்திரசிகிச்சைக்கு அது இடைஞ்சல், மூச்சிலும் அடைக்கும்.

பிறகு பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து, "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அதற்குப் பயிற்சி தேவையில்லை.

மற்றவற்றுக்குப் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்பியுலன்ஸ் போன்ற அமைப்புகள் இப்பயிற்சியை அளிக்கின்றன. பயிற்சிக்குப் போகும் நாளுக்குச் சம்பளமும், தோட்டத்தில் ஒரு முதலுதவிப் பெட்டியும் நிர்வாகம் தர வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் சம்பளக் கணக்கோடு இதையும் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள்.

ஒருவருக்கு நேர்ந்த கேடு எல்லாருக்கும் நேர்ந்த கேடு என்று சொல்லித்தான் நமது முன்னோர் சங்கம் கட்டினார்கள். அந்தச் சொல் பெரட்டுக் களத்தோடு நின்றுவிடக் கூடாது. கரண்டியெல்லவில் இறங்கியவர்கள், விழுந்தவர் எந்த ஊர், எந்த மொழி என்று கேட்டுவிட்டா இறங்கினார்கள்? நாளை இந்த வீதியின் இந்த முனையில், செங்கலடிச் சந்தியிலோ மண்முனைப் பாலத்திலோ ஒருவர் விழுந்துகிடந்தால், அவரைத் தூக்கும் முதற்கை நமது அங்கத்தவருடையதாக இருக்கட்டும்.

அதுவரை, வண்டியில் ஏறியதும் பட்டியைக் கொளுவுங்கள். பக்கத்தில் இருப்பவரும் கொளுவிவிட்டாரா என்று பாருங்கள்.