"முழு செட்டையும் மாத்துங்க" என்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை



சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் நமது வீடுகளில் இதே பேச்சுத்தான். "வாப்பா, கொம்பியூட்டர் சரியான ஸ்லோ. கேம் ஓடுதில்ல. புதுசு வேணும்." வாப்பா கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். கேசிங்கைத் திறந்துகூடப் பார்க்காமல் பதில் வருகிறது: "இது பழைய மொடல் நானா, முழு செட்டையும் மாத்துங்க." அடுத்த வாரம் உம்மாவின் காப்பு அடகுக்குப் போகிறது.

ஏழெட்டு வருடம் பழைய கேமிங் கொம்பியூட்டரில் பெரும்பாலும் இரண்டு மூன்று பாகங்கள்தான் பின்தங்கியிருக்கும். அவற்றை மட்டும் மாற்றினால் இன்னும் பல வருடம் ஓடும். இதைத் தெரிந்தும் சொல்லாதிருப்பது வியாபாரத் தந்திரம். தெரியாமல் சொல்வது பொறுப்பின்மை. இரண்டுக்கும் நாம்தான் காசு கட்டுகிறோம்.

2017இல் வந்த ரைசன் 5 1600 புரொசசர், 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்ட் உள்ள ஒரு மெஷினை எடுப்போம். சாட்டா எஸ்எஸ்டி ஒன்று செக்கனுக்கு 500 எம்பி வரை வாசிக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் 150ஐத் தாண்டுவதே கஷ்டம். ஆகவே முதல் காசு எஸ்எஸ்டிக்கு. அடுத்தது ரேமை 16 ஜிபி ஆக்குவது. மூன்றாவது கிராபிக்ஸ் கார்ட். 132 வோட்ஸ் எடுக்கும் 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 போன்ற ஒன்று 1080பி மொனிட்டருக்குப் போதும். 60 ஹேர்ட்ஸ் மொனிட்டரை வைத்துக்கொண்டு அதைவிடப் பெரிய கார்ட் வாங்குவது வீண்விரயம்.

"விண்டோஸ் 10 முடிஞ்சி, இனி இது சரிவராது" என்று பயம் காட்டுவார்கள். 2025 ஒக்டோபர் 14இல் அதன் வழமையான ஆதரவு நின்றது உண்மை. ரைசன் 5 1600 விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அதே ஏஎம்4 மதர்போர்டுகள் பலவற்றில், பயோஸை அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5 5600ஐப் போடலாம். அது பட்டியலில் இருக்கிறது. இந்தப் பாதி உண்மையை மட்டும் ஏன் சொல்வதில்லை?

இன்டெல் ஏழாம் தலைமுறை என்றால் கதை வேறு. எட்டாம் தலைமுறை புரொசசர் அந்த போர்டில் வேலை செய்யாது. புரொசசரும் போர்டும் மாறத்தான் வேண்டும். அப்போதும் டிடிஆர்4 ரேம் ஏற்கும் போர்டாகப் பார்த்து எடுத்தால் பழைய ரேம் உதவும். கேசிங், எஸ்எஸ்டி, மொனிட்டர், கீபோர்ட் எல்லாம் அப்படியே இருக்கும். முழு செட் எங்கே வந்தது?

கையில் ஒரு இலட்சம் ரூபா இருந்தால் அதில் ஒரு பங்கைக் கண்ணாடிக் கேசிங்குக்கும் கலர் லைட்டுக்கும் கொடுத்துவிட்டு, பெயர் தெரியாத பவர் சப்ளையைப் பூட்டுகிறோம். அது பழுதானால் கூடவே மற்றப் பாகங்களையும் கொண்டுபோகலாம். லைட் இல்லாவிட்டால் எந்த கேமும் நிற்காது. பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

"கேமுக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேரக்கட்டுப்பாடு வையுங்கள், அது உங்கள் உரிமை, கடமையும்கூட. ஆனால் அதே மெஷினில்தான் உயர்தர ஐசிடி படிக்கும் பிள்ளை புரோகிராமிங் பழகுகிறது, வீடியோ எடிட் செய்கிறது. தனது கொம்பியூட்டரைத் தானே கழற்றிப் பூட்டிய பிள்ளை, வகுப்பில் நாங்கள் வரைந்து காட்டும் படத்தைவிட அதிகம் கற்றுக்கொள்ளும்.

பிள்ளைகளே, காசு கேட்பதற்கு முன் கேமை ஓடவிட்டு டாஸ்க் மெனேஜரைத் திறந்து பாருங்கள். ரேம் நிரம்புகிறதா, கிராபிக்ஸ் கார்ட் 95 வீதத்துக்கு மேல் நிற்கிறதா, அல்லது கார்ட் சும்மா இருக்கப் புரொசசர் திணறுகிறதா? எது திணறுகிறதோ அதை மட்டும் கேளுங்கள்.

பெற்றோர்களே, கடையில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி விலை எழுதிக் கேளுங்கள். பில்லும் வொரண்டியும் எழுத்தில் வாங்குங்கள். பாவித்த கார்ட் என்றால் ஒரு மணித்தியாலம் கேம் ஓட்டிக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள். தர மறுக்கும் கடையிலிருந்து எழுந்து வாருங்கள்.

உம்மாவின் காப்பு உம்மாவின் கையிலேயே இருக்கட்டும்.