பகுதி சபையில் பதினாறு வயதுக்கு ஓர் இடம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரின் பெயரைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் உள்ளாட்சி பற்றிய எந்த மேடைப் பேச்சும் முடிவதில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. வாரிய உறுப்பினராக 35 வயது நிறைந்திருக்க வேண்டும், 70 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, சொந்த நிலமும் மனையும் வேண்டும், கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரக் கூடாது என்ற விதிகளை நாம் பெருமையோடு எடுத்துச் சொல்கிறோம். அதே கல்வெட்டில் ஒரு சிறுவனும் வருகிறான். சபை கூடியிருக்க, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு குடத்திலிருந்து ஓலையை எடுக்கச் சொன்னார்கள். அவன் கையில் சூது இருக்காது என்ற நம்பிக்கைதான் காரணம். அந்தக் கை தேவைப்பட்டது. அவன் கருத்து தேவைப்படவில்லை. பத்தாம் நூற்றாண்டில் அது இயல்பு. பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் அந்தச் சபையில் இடமே இருக்கவில்லை. ஆனால் பதின்வயதினரை நம் நகரங்கள் இன்றும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிறுத்தி வைத்திருக்கின்றன என்பதை நாம் கவனிப்பதில்லை.

காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். அது 2021இல் மாநகராட்சியானது. 51 வார்டுகள் கொண்ட அதன் மாமன்றத்துக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அதே ஆண்டில் தமிழக அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. கிராம சபைபோல நகரத்திலும் மக்கள் நேரில் உட்கார்ந்து தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, குப்பை பற்றிப் பேச ஒரு மன்றம் வேண்டும் என்பது அதன் நோக்கம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். நல்ல தொடக்கம். ஆனால் பகுதி சபையின் உறுப்பினர் என்றால் அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே நாற்காலி இல்லை. மறுபக்கம், மஞ்சப்பைப் பேரணிக்கும், சாலைப் பாதுகாப்பு உறுதிமொழிக்கும், மரக்கன்று நடுவதற்கும் வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தான். நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய பசுமைப் படை, ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர் இயக்கம் என்று அவர்கள் உழைப்பைக் கேட்கும் அமைப்புகளுக்குக் குறைவில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டிய கடமை மட்டும் எந்த அலுவலகத்துக்கும் இல்லை.

இது அவர்களுக்கு மட்டும் இழப்பு இல்லை, ஊருக்கும் இழப்பு. பிள்ளையார்பாளையத்திலிருந்தோ செவிலிமேட்டிலிருந்தோ ஓரிக்கையிலிருந்தோ தினமும் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் மாணவிக்கு எந்தத் திருப்பத்தில் விளக்கு எரிவதில்லை, எந்தத் தெருவில் மழைநீர் நான்கு நாள் நிற்கும், மஞ்சள் நீர் கால்வாயின் எந்தப் பகுதியில் தடுப்புச்சுவர் இல்லை என்பது தெரியும். வண்டியில் போகிறவர்கள் பார்க்காததை நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும்தான் பார்க்கிறார்கள். கோயில் நகரம் என்பதால் இங்கே இன்னொன்றும் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவையோ பங்குனி உத்திரமோ வந்தால் ஊரின் போக்குவரத்தே மாறிவிடும். 2019இல் 48 நாள் நடந்த அத்திவரதர் விழாவுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அடுத்த விழா 2059இல். அன்று இந்த ஊரை நிர்வகிக்கப் போகிறவர்கள் இன்று பத்தாம் வகுப்பில் இருக்கிறார்கள். கூட்டத்தை எப்படித் திருப்புவது, கழிப்பறை எங்கே வைப்பது, குளத்தை எப்படிக் காப்பது என்பதை அவர்கள் ஐம்பது வயதில்தான் கற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டுமா?

இளையோரின் கருத்தை நிர்வாகத்தில் கேட்பதை மற்ற ஊர்கள் செய்து பார்த்துவிட்டன. கர்நாடகத்தில் குந்தாப்பூர் வட்டாரத்தில் 1990களில் தொடங்கிய சிறுவர் பஞ்சாயத்துகளின் அனுபவத்துக்குப் பிறகு, 2006இல் அந்த மாநில அரசு ஊராட்சிகளில் சிறுவர் கிராம சபை கூட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. நார்வே 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே எல்லா நகராட்சிகளிலும் இளையோர் மன்றத்தைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014இல் தன் மூலதன நிதியில் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடலாம் என்று 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களிடம் விட்டது. அவர்கள் கேளிக்கைக்கு எழுதித் தந்துவிடவில்லை. விளையாட்டுத் திடல்களைச் சீர்செய்வது, பூங்காக்களுக்கு நடைபாதை, பள்ளிகளுக்குக் கணினி ஆகியவை தேர்வானவற்றுள் அடங்கும். நம் சட்டங்களும் முழுக்கக் கதவடைக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் எல்லோருக்கும் உரியது. வயது வரம்பு வைக்கவில்லை. 2012இல் லக்னோவைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமி அதைப் பயன்படுத்தி மத்திய அரசிடமே கேள்வி கேட்டாள். 1992இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தைகளின் கருத்துக்குச் செவிசாய்க்கச் சொல்கிறது.

இந்த வயதில் பக்குவம் இருக்காது என்பார்கள். வாக்கு வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்த 1989க்கு முன்னும் இதையே சொன்னார்கள். தவிர, இங்கே கேட்பது வாக்குரிமை இல்லை. பேசும் உரிமையும், பேசியதற்குப் பதில் பெறும் உரிமையும்தான். படிப்பு கெடும் என்ற பெற்றோரின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பொதுத்தேர்வும் நீட்டும் பிள்ளைகளை எப்படி நெருக்குகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆண்டுக்குச் சில பிற்பகல்கள் கூட்டத்தில் உட்காருவதால் மதிப்பெண் குறையாது. குடிமையியல் பாடத்தில் மனப்பாடம் செய்வதைக் கண்ணெதிரே பார்ப்பதும் படிப்புதான். அண்ணா இந்த ஊரில் படிப்புக்கு நடுவே குடும்ப வருவாய்க்காக நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர் என்பதையும் காஞ்சிபுரத்துக்காரர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

கட்சி அரசியல் புகுந்துவிடும் என்ற அச்சத்தில்தான் உண்மை அதிகம் இருக்கிறது. கவுன்சிலர் கைகாட்டும் பிள்ளை, தலைமையாசிரியருக்குப் பிடித்த பிள்ளை, முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை என்று வந்தால் இந்த ஏற்பாடு ஒரே ஆண்டில் செத்துவிடும். அதற்கான மருந்து நம் மாவட்டத்துக் கல்வெட்டிலேயே இருக்கிறது. பெயர்களை எழுதிக் குலுக்கி எடுங்கள். வார்டுக்கு நான்கு பேர், இருவர் பெண்கள், ஆண்டுதோறும் புதியவர்கள். பள்ளிப் பட்டியலை மட்டும் வைத்துக் குலுக்கினால் படிப்பை விட்டவர்கள் விடுபட்டுப் போவார்கள். தறி வீட்டில் அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும் பையனும், ஐ.டி.ஐ. போகிறவனும், துணிக்கடையில் நிற்கும் பெண்ணும், வேகவதிக் கரையிலிருந்து கீழ்கதிர்பூர் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் குடத்துக்குள் இருக்க வேண்டும். ஊரின் குறைகளை அதிகம் சுமப்பவர்கள் அவர்கள்தான்.

இன்னொரு எச்சரிக்கையை நானே சொல்ல வேண்டும். தன்னார்வம் என்ற பெயரில் இலவச வேலை வாங்குவது இந்த ஊரில் எளிதில் நடந்துவிடக் கூடியது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் குழந்தைகள் பிணைக்கப்பட்டிருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அந்த நிலையிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். ஆகவே விதி தெளிவாக இருக்க வேண்டும்: தூய்மைப் பணியாளர் செய்யும் வேலையை மாணவர் செய்யக் கூடாது, சாக்கடையிலும் குப்பைக் கிடங்கிலும் அவர்களை இறக்கக் கூடாது. அவர்களுக்கு ஏற்ற தொண்டு வேறு. எரியாத விளக்குகளைக் கணக்கெடுக்கலாம், திருவிழா நாளில் வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லலாம், குளங்களின் நீர்மட்டத்தை மாதந்தோறும் குறிக்கலாம், முதியவர்களுக்கு மனு எழுதித் தரலாம். கணக்கெடுத்தவரே அதைப் பகுதி சபையில் வாசிக்கவும் வேண்டும். அப்போதுதான் தொண்டும் நிர்வாகமும் ஒன்றோடொன்று சேரும்.

இதற்குப் பெரிய சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாக்களிக்காத சிறப்பு அழைப்பாளர்களாக அவர்களை உட்கார வைத்து, அவர்கள் எழுப்பும் கேள்விக்கு அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் தருவதை மாமன்றத் தீர்மானத்தின் வழியே தொடங்கலாம். அரசு பிறகு விதியிலேயே சேர்க்கட்டும். காஞ்சிபுரத்தின் 51 மாமன்ற உறுப்பினர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த பகுதி சபைக்கு நாள் குறிக்கும்போதே உங்கள் வார்டுப் பிள்ளைகளின் பெயர்களையும் குலுக்கி எடுங்கள். பள்ளி விட்ட பிறகு அவர்கள் வந்து சேரும்படி கூட்டத்தின் நேரத்தையும் மாற்றி வையுங்கள்.